பதினொரு சினை மீன்கள்

வலை அகப்பட்ட செய்தி வந்த நேரம் அஞ்சலீனா பிள்ளைகளை மத்தியான நித்திரைக்குப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். மொன்றியலில் கோட்-தே-நேஜ் பகுதியில் இருந்த அந்தக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் அவளுக்கு அது ஒன்பதாவது வருடம். அழுகிற பிள்ளைகளைத் தட்டித் தட்டியே பிரெஞ்சு அவள் வாயில் நன்றாக ஏறியிருந்தது. கைத்தொலைபேசி சட்டைப்பைக்குள் அதிர்ந்ததும் மெல்ல எழுந்து நடைபாதைக்கு வந்தாள்.

மறுமுனையில் மார்செல் வத்னே. எப்போதும் முதலில் "போன்ஜூர், மதாம்" என்பவர், அன்று அதைச் சொல்லவில்லை.

"உங்கள் ஆட்கள் செய்ததை வந்து பாருங்கள்," என்றார். "அதிகாரி இங்கேதான் நிற்கிறார். நீங்கள் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்."

மார்செல், ஆற்றங்கரையில் முப்பது வருடமாக இருந்துவரும் மீன்பிடிக் கழகத்தின் தலைவர். அஞ்சலீனா, நான்கு வருடத்துக்கு முன் தொடங்கிய தமிழர் மீன்பிடிக் கழகத்தின் செயலாளர். இரண்டு கழகத்துக்கும் சண்டை வந்தது ஒரு சிமெந்து மேடையால்தான். லவால் பக்கத்தில் ஆற்றுக்குள் முப்பது அடி நீண்டிருந்த பழைய மேடை அது. மீன்பிடிக்க ஆளாளுக்கு மாகாண அரசின் பெர்மிட் வேண்டும். அது எல்லோரிடமும் இருந்தது. ஆனால் அந்த மேடையைப் பாவிக்க, நகரசபை கழகங்களுக்கு வருடா வருடம் தனியாக ஒரு பெர்மிட் கொடுத்தது. சனிக்கிழமை மார்செலின் ஆட்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை தமிழருக்கு என்று நான்கு வருடம் ஒருவாறு ஓடியது.

ஓடியது என்றுதான் சொல்லலாம். தமிழர் சத்தம் போடுகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், குஞ்சு மீனையும் வாளிக்குள் போடுகிறார்கள் என்று அவர்கள் நகரசபைக்கு எழுதினார்கள். அவர்கள் பூட்டை மாற்றிவிட்டுத் திறப்புத் தருவதில்லை, எங்கள் அறிவிப்புப் பலகையை யாரோ கத்தியால் கீறியிருக்கிறார்கள் என்று அஞ்சலீனா பதில் எழுதினாள். கடிதங்கள் கூடக் கூட நகரசபைக்குச் சலித்துவிட்டது. 2006 ஜூலையிலிருந்து மேடைக்கு ஒரே ஒரு பெர்மிட், அதுவும் ஒரே ஒரு கழகத்துக்கு என்று அறிவித்தார்கள். யாருக்கென்று ஜூனில் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

வலை அகப்பட்டது மே மாதத்தில். மீன் சினை விடும் காலத்துக்கான தடை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவள் மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணியாகிவிட்டது. மேடையின் அடியில், புல்லில் விரித்த நீலத் தறப்பாளில் மீன்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். இந்த ஊரில் டொரே என்று சொல்கிற பொன்னிற மீன். எல்லாம் கையளவுக்கு மேல் பெரியவை. வயிறு புடைத்திருந்தது. இரண்டின் அடிவயிற்றிலிருந்து மஞ்சள் முட்டைகள் கசிந்து தறப்பாளில் ஒட்டியிருந்தன.

"பதினொன்று," என்றார் மார்செல். "பதினொன்றும் பெண்." அவருக்கு எழுபது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது. "இருபது வருடமாக இந்த ஆற்றில் குஞ்சு மீன் விடுகிறோம், மதாம். என் மனைவி உயிரோடு இருந்தபோது வாளி வாளியாகத் தூக்கி வந்தாள். யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலையைக் கட்டியிருந்தது நீங்கள் நிற்கிற பக்கத்துத் தூணில்."

வனவிலங்கு அதிகாரி ஓர் இளம்பெண். அவள் வலையைத் தூக்கி அஞ்சலீனாவிடம் காட்டினாள். அஞ்சலீனா அதைக் கையில் வாங்கினாள். யாழ்ப்பாணத்தில் குருநகரில், கடலில் போய் வந்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். வலையைப் பார்த்த உடனே ஒன்று தெரிந்தது. கடையில் வாங்கிய புது வலையை மேற்கயிற்றோடு கட்டியிருந்த முடிச்சுகள், சப்பாத்து நாடா முடிகிறமாதிரி இருந்தன. இரண்டு இடத்தில் முடிச்சு வழுக்கி வலை சுருண்டுபோயிருந்தது. வலையோடு வாழ்ந்த கை இப்படிக் கட்டாது.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, கழகத் தலைவர் பேரின்பநாதனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். நூறு பேருக்குச் சாப்பாடு. பெரிய தட்டில் மீன்குழம்பும், அதைவிடத் தனியாகச் சினைப் பொரியலும் வைத்திருந்தார்கள். "ஆத்து மீன், ஆத்து மீன்" என்று பேரின்பநாதன் கையில் அகப்பையோடு ஒவ்வொருவருக்கும் போட்டுக்கொண்டு திரிந்தார். சீசன் தொடங்காமல் ஆற்று மீன் எங்கிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சினைப் பொரியலை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

"உங்கள் கழகத்தில் வலை வைத்திருக்கிறவர் யாரையாவது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அஞ்சலீனா. வலையை அவள் எங்கும் கண்டதில்லை என்பது உண்மை. என்றாலும் காது சூடாகியது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் லவாலில் பேரின்பநாதனின் வீட்டு நிலக்கீழ் அறையில் கழக நிர்வாகம் கூடியது. பேரின்பநாதன், பொருளாளர் சிவநேசம், சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிற கிருஷ்ணகுமார், அஞ்சலீனா. நாலே பேர்.

பேரின்பநாதனைச் சாதாரண ஆளென்று சொல்ல முடியாது. எண்பதுகளிலேயே மொன்றியலுக்கு வந்தவர். பின்னால் வந்தவர்களுக்கு அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, விசாரணைக்குக் கூடப்போய், வீடு பிடித்துக் கொடுத்து, அந்த நகரத்தில் பாதித் தமிழருக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவியவர். கழகத்தையும் அவர்தான் தொடங்கினார். இரண்டு வேலை செய்கிற சனத்துக்குக் கிழமையில் ஒரு நாளாவது வெளிக்காற்று வேண்டும் என்று நகரசபைப் படிகளில் ஏறி இறங்கியவர். ஒன்றே ஒன்றுதான் அவருக்குக் கைவரவில்லை. தூண்டிலில் மீன் படாது. நான்கு வருடத்தில் அவர் பிடித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"நகரசபையிலிருந்து கடிதம் வந்திட்டுது," என்றார் அவர். "வலை போட்ட ஆளைக் கழகம் தானாகவே கண்டுபிடிச்சு, நீக்கிப்போட்டுச் சொன்னால், பெர்மிட் விசயத்தில அதைக் கவனத்தில எடுப்பினமாம். இல்லையெண்டா எங்கட விண்ணப்பத்தைப் பாக்கவே மாட்டினம். நாப்பது குடும்பம். யோசிச்சுப் பாருங்கோ."

"ஆரெண்டு சொல்லுறது?" என்றார் சிவநேசம், தரையைப் பார்த்தபடி.

பேரின்பநாதன் அஞ்சலீனாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் கோபிக்கக் கூடாது. கிறிஸ்தோப்பரிட்ட நான் கதைச்சிட்டன். அவன் ஓமெண்டிட்டான்."

கிறிஸ்தோப்பர் அவளுடைய தம்பி. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கிழக்கில், ஒரு களஞ்சியத்தில் கொள்கலன் இறக்குகிற வேலை. கழகத்தில் நன்றாக மீன்பிடிக்கிறவன் அவன்தான்.

"என்னத்துக்கு ஓமெண்டவன்?" அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"தான்தான் போட்டதெண்டு சொல்ல. ஒரு தண்டம் கட்டவேண்டி வரும், அதைக் கழகம் பாத்துக்கொள்ளும். இரண்டு வருசம் அவனுக்கு மீன்பிடி பெர்மிட் குடுக்க மாட்டினம். அவ்வளவுதான். கேக்கிற ஆக்களும் நம்புவினம். உங்கட பக்கத்து ஆக்களுக்கு வலை பழக்கம்தானே."

மேலே சமையலறையில் பேரின்பநாதனின் மனைவி ஜெகதாம்பாள் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"எங்கட பக்கத்து ஆக்கள் எண்டா?" என்றாள் அஞ்சலீனா.

"பிழையா எடுக்காதையும். நான் சாதி கதைக்கேல்லை."

"அண்ணை, அந்த வலையை நான் கையில பிடிச்சுப் பாத்தனான். அதைக் கட்டின ஆளுக்கு வலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என்ர தம்பி நித்திரையிலயும் அப்பிடிக் கட்ட மாட்டான்." "போன ஞாயிற்றுக்கிழமை இஞ்ச மேல நாங்கள் எல்லாரும் சாப்பிட்டம். சினைப் பொரியல் சாப்பிட்டம். அது எங்கயிருந்து வந்தது?"

பேரின்பநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"கிருஷ்ணகுமார், நீங்களும் இருந்தனீங்கள்," என்றாள்.

"இருந்தேன்," என்றான் கிருஷ்ணகுமார். "ஆனா அஞ்சலீனா, யார் பண்ணாங்கன்னு நமக்கு நேரா தெரியாது இல்லையா? தெரியாததை எப்படிச் சொல்றது?"

"தெரியாட்டி என்ர தம்பியெண்டு மட்டும் எப்பிடிச் சொல்லுறது?"

கடைசியில் பேரின்பநாதன்தான் பேசினார். குரல் தணிந்திருந்தது. "நான் போனால் கழகம் போயிடும். அவன் போனால் ஒருத்தன் போறான். நூறு பேரைக் கூப்பிட்டுப்போட்டு, ஆத்து மீன் தாறன் எண்டு வாயை விட்டிட்டன். தூண்டிலில படேல்லை. அது பிழைதான். பிழையெண்டு தெரிஞ்சுதான் செய்தனான். விருந்து முடிஞ்சு வலையைக் கழட்டப் போக, கரையில ஆக்கள் நிண்டினம், விட்டிட்டு வந்திட்டன். ஆனால் அதுக்கு நாப்பது குடும்பத்தை ஆத்தங்கரையில இருந்து கலைக்கிறதோ? நீரே சொல்லும்."

அஞ்சலீனா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஜெகதாம்பாள் நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல், பஸ் தரிப்புக்கு நடந்தாள்.

கிறிஸ்தோப்பரின் குடும்பமும் அஞ்சலீனாவும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள். அவள் இரண்டாம் மாடி, அவர்கள் நாலாம் மாடி. கணவன் பிரிந்து டொரொண்டோவுக்குப் போனபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த நாலாம் மாடிதான். அன்று அவள் கதவைத் தட்டியபோது கிறிஸ்தோப்பர் வேலையால் வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு இருந்தான்.

"எனக்கு ஒரு சொல் சொல்லாமல் ஓமெண்டனீ," என்றாள்.

"சொன்னா நீங்கள் விடமாட்டியள்."

"சிற்றிசன்சிப்புக்குப் போட்டிருக்கிறாய். அடுத்த மாதம் சோதினை. இந்த நேரத்தில வழக்கு ஒண்டைத் தலையில ஏத்திறியோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம். அண்ணை விசாரிச்சவர்."

"அண்ணை சொன்னா எல்லாம் சரியோ?"

அவன் துவாயை மடித்துக் கதிரையில் போட்டான். "அக்கா, தொண்ணூற்றொன்பதில என்ர அகதிக் கேஸ் முதல்தரம் தோத்தது நினைவிருக்கோ? பிளேனில ஏத்துறதுக்கு நாள் குறிச்சிட்டாங்கள். அந்த மனிசன் மூண்டு நாள் லீவு எடுத்து, லோயரிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு அலைஞ்சு, விடிய விடியக் கடிதம் எழுதினவர். அவர் இல்லாட்டி நான் இஞ்ச இல்லை. அக்னெஸ் இல்லை. பிள்ளை இல்லை. அவர் வாய்திறந்து என்னட்டக் கேட்டது இந்த ஒண்டைத்தான்."

"அவர் ஏன் உன்னட்டக் கேட்டவர் எண்டு தெரியுமோ? எங்கட ஆக்களுக்கு வலை பழக்கமாம். அதுதான் காரணம்."

கிறிஸ்தோப்பரின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "எனக்கும் சொன்னவர்," என்றான். "கேட்டுக்கொண்டுதான் ஓமெண்டனான்."

சமையலறை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அவன் மனைவி அக்னெஸ் நின்றாள். "மச்சாள், நீங்கள் எப்பிடியாவது நிப்பாட்டுங்கோ," என்றாள். கிறிஸ்தோப்பர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள்.

"விசாரணையில நான் தமிழிலதான் சொல்லுவன்," என்றான் அவன். "நீங்கள் வந்து பிரெஞ்சில சொல்லுங்கோ. வேற ஆள் சொன்னா ஏதும் பிழையாச் சொல்லிப்போடும், அது எனக்குத்தான் கரைச்சல். எனக்காக இதைச் செய்யுங்கோ."

மூன்று கிழமை அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கார்டெரியில் ஒரு பிள்ளைக்குப் போட்ட சட்டையை மறுபடி கழற்றி, ஏன் கழற்றினேன் என்று நின்றாள். போகாமல் விடலாமா என்று யோசித்தாள். போகாவிட்டால் வேறொருவர் வந்து மொழிபெயர்ப்பார், எல்லாம் அவர்கள் சொன்னபடியே நடக்கும். போனால், தம்பியின் பொய்யைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். பேரின்பநாதன் நகரசபைக்கு எழுதிய கடிதத்தைப் பிரெஞ்சில் மாற்ற மாட்டேன் என்று மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அதைக் கிருஷ்ணகுமார் அலுவலகத்தில் யாரையோ பிடித்து எழுதுவித்தான்.

விசாரணை ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. நகரசபைக் கட்டடத்தில் நீளமான மேசை போட்ட ஒரு அறை. மேசையின் தலைப்பக்கத்தில் பெர்மிட் பிரிவுக்குப் பொறுப்பான ஒரு அம்மாவும் அந்த இளம் வனவிலங்கு அதிகாரியும் இருந்தார்கள். ஒரு பக்கம் மார்செலும் அவருடைய கழகத்தார் மூன்று பேரும். மறுபக்கம் பேரின்பநாதன் கோட் சூட்டோடு, சிவநேசம், கிருஷ்ணகுமார், கிறிஸ்தோப்பர், அஞ்சலீனா. பேரின்பநாதனுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. பிரெஞ்சு காதில் விழுந்தால் விளங்கும், பேச வராது.

கழகத்தின் கடிதத்தை வாசித்தார்கள். வலை போட்டவர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டுள்ளார், கழகம் அவரை நீக்கிவிட்டது என்று அதில் இருந்தது. "அவர் இங்கே இருக்கிறாரா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

கிறிஸ்தோப்பர் எழுந்தான். வேலைக்குப் போடாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "வலை போட்டது நான்," என்றான் தமிழில். "கழகத்துக்குத் தெரியாது. என்னை மன்னிக்க வேணும்."

அஞ்சலீனா அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்.

"எத்தனை நாள் போட்டீர்கள்?" என்று அதிகாரி கேட்டாள்.

"ஒரு நாள்."

அதையும் சொன்னாள்.

"வலையில் முதலில் எடுத்த மீனை என்ன செய்தீர்கள்?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். "வீட்டில சமைச்சனாங்கள்," என்றான்.

அதையும் சொன்னாள். அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து, பெயர், பிறந்த திகதி கேட்டு எழுதத் தொடங்கினாள். அடையாள அட்டை ஒன்று வேண்டும் என்றாள். கிறிஸ்தோப்பர் காற்சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து நிரந்தர வதிவிட அட்டையை உருவினான். அட்டை கைதவறி மேசைக்குக் கீழே விழுந்தது. அவன் குனிந்து, முழங்காலில் நின்று, கதிரைக் கால்களுக்கு இடையில் அதைத் தேடினான்.

அஞ்சலீனா எழுந்தாள்.

"மதாம்," என்றாள் பிரெஞ்சில். "இவ்வளவு நேரமும் அவர் சொன்னதைச் சொன்னேன். இனிச் சொல்லுவது நான். என் தம்பி வலை போடவில்லை."

மேசைக்குக் கீழேயிருந்து கிறிஸ்தோப்பரின் குரல் வந்தது. "அக்கா, வேண்டாம்."

"மே மாதம் ஏழாம் திகதி, தடைக்காலத்தில், ஒரு வீட்டு விருந்தில் நான் இந்த மீனைச் சாப்பிட்டேன். சினையும் சாப்பிட்டேன். கேட்டு வாங்கி இரண்டாந்தரமும் சாப்பிட்டேன். எங்கிருந்து வந்ததென்று தெரியக்கூடிய வயது எனக்கு. அன்று உங்களிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்குத் தண்டனை இருந்தால் என் பெயரை எழுதுங்கள். அந்த வீடு என் தம்பியுடையது இல்லை."

"யாருடைய வீடு?" என்றாள் அதிகாரி.

அஞ்சலீனா வாய் திறந்தாள். பெயர் வரவில்லை. பதினேழு வருடத்துக்கு முன் மொன்றியல் விமான நிலையத்தில் இறங்கியபோது அவளுடைய பெட்டியைத் தூக்கி வந்தவரும் அவர்தான்.

"என்ன கேக்கினம்?" என்றார் பேரின்பநாதன். கேட்டது அவருக்கு விளங்கியிருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"ஆரின்ர வீடெண்டு கேக்கினம், அண்ணை."

சிவநேசம் கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணகுமார் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். கிறிஸ்தோப்பர் அட்டையைக் கண்டெடுத்து எழுந்து நின்றான். பேரின்பநாதன் அவனைப் பார்த்தார்.

"நான் எண்டு சொல்லும், பிள்ளை," என்றார் கடைசியில். "வலை போட்டது நான். இந்தப் பெடியனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லும்."

அவள் அதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

முதலில் பேசியது மார்செல். "இவர் போன வசந்தத்தில் எங்களோடு நின்று குஞ்சு மீன் விட்டவர்," என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல. "என் பக்கத்தில்தான் நின்றார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்." அதைப் பேரின்பநாதனுக்கு அஞ்சலீனா மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் கிறிஸ்தோப்பர் அவளுக்காக நின்றான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். "அந்த மனிசனை எழுப்பி, அவற்ற வாயாலயே சொல்ல வைச்சிட்டியள்," என்றான் மெல்ல. "என்னைப் பொய்க்காரனாக்கினியள். நான் உங்களை நம்பித்தானே வரச்சொன்னனான்." பேரின்பநாதனின் காரில் ஏறிப் போனான். அவள் பஸ்ஸில் தனியே வந்தாள்.

முடிவு ஜூன் கடைசியில் தபாலில் வந்தது. பெர்மிட் ஒருவருக்கும் இல்லை. இரு கழகங்களின் சச்சரவும் நடந்த சம்பவமும் கருத்தில் கொள்ளப்பட்டு மேடை மூடப்படுகிறது என்று இரண்டு வரி. அடுத்த கிழமையே கம்பிவேலி போட்டுவிட்டார்கள். முப்பது வருடம் மீன்பிடித்தவர்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மார்செலை அவள் ஒருமுறை சந்தைக் கட்டடத்தில் கண்டாள். அவர் தொப்பியைத் தொட்டார், நிற்கவில்லை. பேரின்பநாதனுக்குத் தண்டமும் இரண்டு வருடத் தடையும் விதித்தார்கள். அஞ்சலீனாவின் பெயரை யாரும் எழுதவில்லை.

அவளுடைய பெயரை எழுதியது வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவள் இருந்த நீள மர வாங்கில் மற்றவர்கள் தள்ளி இருந்தார்கள். கழகத்துப் பெண்களில் ஒருத்தி தேவாலய வாசலில், அவள் கேட்கும்படியே, "சொந்த ஆக்களைக் காட்டிக் குடுத்தவள்" என்றாள். அந்தக் காலத்தில், ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருந்த அந்த வருடத்தில், அது லேசான சொல் இல்லை. அந்தச் சொல்லுக்காக ஊரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அஞ்சலீனா அடுத்த கிழமையிலிருந்து பிரெஞ்சுப் பூசைக்குப் போனாள்.

கிருஷ்ணகுமார் ஒருநாள் தொலைபேசியில் எடுத்தான். "நீங்க பண்ணதுதான் சரி. அன்னைக்கு நானும் எழுந்து சொல்லியிருக்கணும். சொல்ல முடியல," என்றான்.

"இப்ப சொல்லுங்கோவன்," என்றாள் அவள். "என்னட்ட இல்லை. மற்றவையிட்ட."

அவன் பேச்சை மாற்றினான்.

கட்டடத்தில் மின்தூக்கி ஒன்றுதான். கிறிஸ்தோப்பர் அவளைக் கண்டால் படியில் ஏறினான். செப்டம்பரில் அவனுக்குக் குடியுரிமை கிடைத்ததை அக்னெஸ்தான் சொன்னாள், அதுவும் துணி தோய்க்கும் அறையில், சத்தமில்லாமல். சத்தியம் செய்கிற படத்தைத் தன் கைத்தொலைபேசியில் காட்டினாள். சின்னத் திரையில் தம்பியின் முகம் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்தில் கோட் சூட்டோடு நின்ற பேரின்பநாதன் தெரிந்தார்.

ஒக்டோபரில் பேரின்பநாதன் அவளுடைய கதவைத் தட்டினார். கையில் ஒரு கடித உறை. தண்டம் சம்பந்தமாக வந்த பிரெஞ்சுக் கடிதம், நாலு பக்கம். "ஜெகதாம்பாள் வேண்டாமெண்டவ," என்றார். "ஆனால் சரியாச் சொல்லக்கூடிய வேற ஆளை எனக்குத் தெரியாது."

அவள் அவரைக் குசினி மேசையில் இருத்தி, கடிதத்தை வரி வரியாக வாசித்துச் சொன்னாள். எந்தத் திகதிக்குள் எதை அனுப்பவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு மணித்தியாலம் போனது. தேத்தண்ணி போட்டாள். அவர் குடித்தார். மெலிந்திருந்தார். ஆட்கள் இப்போது விண்ணப்பம் நிரப்ப அவரிடம் வருவது குறைந்துவிட்டதென்று அவளுக்குக் கேள்வி.

"நீர் அண்டைக்கு எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்," என்றார் எழும்பும்போது. "நான் எழும்பப் போறன், உள்ளதைச் சொல்லப் போறன் எண்டு. நான் ஆயத்தமா வந்திருப்பன்."

"எனக்கே தெரியாது, அண்ணை. அவன் மேசைக்குக் கீழ குனிஞ்சாப்பிறகுதான் தெரியும்."

அவர் சப்பாத்து நாடாவைக் கட்டினார். "கிறிஸ்தோப்பர் ஒவ்வொரு ஞாயிறும் எங்கட வீட்டுக்கு வாறான். முத்தத்து இலையெல்லாம் அவன்தான் கூட்டுறான். நான் கேக்கேல்லை, அவனாத்தான். உம்மட்ட வாறதில்லை எண்டு அக்னெஸ் சொன்னவ."

அஞ்சலீனா கதவின் பிடியில் கையை வைத்தபடி நின்றாள்.

"வரச்சொல்லுங்கோ," என்றாள்.

"சொல்லிப் பாக்கிறன்," என்றார்.

சொன்னாரோ இல்லையோ தெரியாது. நவம்பர் போனது. டிசம்பரில், முதல் பெரிய பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிறிஸ்தோப்பர் அக்னெஸையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்தான். அவள் என்ன இருக்கிறதென்று பார்த்து, இடியப்பமும் சொதியும் முட்டைப் பொரியலும் வைத்தாள். அவன் வேலையைப் பற்றிப் பேசினான். களஞ்சியத்தில் புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறானாம், ஓய்வு நேரத்தைக் குறைத்துவிட்டானாம். பிள்ளை கார்டெரியில் படித்த பிரெஞ்சுப் பாட்டொன்றைப் பாடிக் காட்டியது. ஆற்றைப் பற்றியோ விசாரணையைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை.

போகும்போது கிறிஸ்தோப்பர் வாசலில் நின்றான். அக்னெஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விட்டாள்.

"அக்கா, நீங்கள் செய்தது சரியெண்டு நான் இன்னும் சொல்லேல்லை," என்றான்.

"சொல்ல வேண்டாம்," என்றாள் அஞ்சலீனா. "மிச்சச் சொதி இருக்கு, கொண்டு போ."

அவன் சட்டியை வாங்கிக்கொண்டு, படியால் அல்ல, மின்தூக்கியை நோக்கி நடந்தான்.